மிஞ்சுவதற்கு எத்தனை வார்த்தை?

‘கெஞ்சினால் மிஞ்சுவான், மிஞ்சினால் கெஞ்சுவான்’ என்கிறோம். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்கிறோம். ராத்திரி வீட்டில் ‘சோறு மிஞ்சிப்போச்சு, தண்ணி ஊத்தி வைங்க’ என்கிறார்கள். முதலாவதில் திமிர், அடுத்ததில் அளவு, கடைசியில் மிச்சம். ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். பாளையங்கோட்டை அலுவலகம் ஒன்றில் ஆங்கிலக் கடிதம் தயாரிக்க உட்காரும்போதுதான் சிக்கல். அவுட்டூ (outdo), சர்பாஸ் (surpass), எக்ஸீட் (exceed), எக்ஸெல் (excel) என்று நாலு வார்த்தை வந்து நிற்கும். கைக்கு வந்ததை எடுத்துப் போட்டால் கடிதத்தின் தொனியே மாறிவிடும்.

அவுட்டூ போட்டி வாடை அடிக்கிற சொல். எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும், அவரை முந்தியாக வேண்டும். பத்தமடைப் பாய்க்கு விலைப்பட்டியல் அனுப்பும் கடிதத்தில், எங்கள் பாய் மற்ற எல்லாப் பாயையும் அவுட்டூ செய்யும் என்று எழுதினால் வாங்குபவரிடம் வரிந்துகட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும். அங்கே சர்பாஸ்தான் பொருந்தும். நெசவின் நேர்த்தியைச் சொல்ல அன்சர்பாஸ்டு இன்னும் கௌரவம். ஆனால் அவுட்டூவுக்கும் நல்ல இடம் உண்டு. ஒருவர் தன் பழைய வேலையையே தாண்டி இந்தத் தடவை பிரமாதமாகச் செய்திருந்தால் ‘ஹி ஹேஸ் அவுட்டன் ஹிம்செல்ஃப்’ என்பது மனம் திறந்த பாராட்டு.

அதிகம் பேர் தடுக்கி விழுவது அவுட்டூவுக்குப் பின்னால் போடும் சொல்லில். தமிழில் ‘அவனைவிட’ என்று நினைத்துவிட்டால் கை தானாக ‘தேன்’ (than) சேர்க்கும், அல்லது ‘ஓவர்’ போடும். இது ஒட்டக்கூடாத தேன். அவுட் என்ற முன்னொட்டே ‘விட’ என்கிற வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் ஆளின் பெயர் நேராக வரும். எந்த விஷயத்தில் என்பதை அதற்குப் பிறகு ‘இன்’ போட்டுச் சொல்லலாம். ரன், க்ரோ, லிவ் போன்ற வினைகளும் அவுட்டோடு சேர்ந்தால் இப்படியே நடக்கும். இறந்தகாலம் தாய்வினை மாறுவது போலவே மாறும்: அவுட்டிட் (‘ஹேஸ்’ வந்தால் அவுட்டன்), அவுட்ரேன், அவுட்க்ரூ. அவுட்டூட் என்று ஒன்று கிடையாது. குளத்து மீன் ஏலத்தில் கூடுதல் தொகை கேட்டு முந்துவதற்கு அவுட்பிட் என்பார்கள். அது மூன்று காலத்திலும் அப்படியே நிற்கும். அவுட்டையும் வினையையும் பிரித்து எழுதக் கூடாது, நடுவில் கோடும் வேண்டாம். உச்சரிக்கும்போது அழுத்தம் பின்பாதியில் விழும். அவுட்புட், அவுட்லுக் போன்ற பெயர்ச்சொற்களில் முன்பாதியில் அழுத்திப் பழகியதால் இது நாக்கில் வரச் சற்று நாளாகும்.

எக்ஸீட் எண்ணுக்கும் வரம்புக்கும் உரியது. 143 அடி கொள்ளளவுள்ள பாபநாசம் அணையில் நீர்மட்டம் 140 அடியைத் தாண்டினால் எக்ஸீட். அங்கே அவுட்டூ போட்டால் அணை யாரோடு பந்தயம் ஓடுகிறது என்று கேட்பார்கள். மதிப்பீட்டுக்கு மேல் 5,000 ரூபாய் செலவானால் தொகைக்கு முன்னால் ‘பை’ சேர்க்க வேண்டும். வருடாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் ‘எக்ஸீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்று வருவதும் இதே கணக்குத்தான்: எதிர்பார்ப்பு ஒரு கோடு, அதைத் தாண்டியாயிற்று. சக ஊழியரை முந்தினார் என்று அதற்குப் பொருள் இல்லை. எழுத்தில் இரண்டு ‘ஈ’ சேர்ந்து வரும். புரொசீட், சக்ஸீட் இரண்டும் இதன் கூட்டாளிகள்.

எக்ஸெல்லுக்கு எதிராளி தேவையில்லை, திறமை போதும். பின்னால் ‘இன்’ அல்லது ‘அட்’ வரும். நிகழ்காலத்தில் ஒரு ‘எல்’, இறந்தகாலத்தில் இரண்டு.

சோற்று மிச்சத்துக்கு வருவோம். அவுட்ஸ்டாண்டிங் நம் மிஞ்சு மாதிரியே இரண்டு முகம் கொண்டது: தலைசிறந்தது என்றும் பொருள், நிலுவை என்றும் பொருள். ‘யுவர் அக்கவுண்ட் இஸ் அவுட்ஸ்டாண்டிங்’ என்று மொட்டையாகக் கடிதம் போனால் கடைக்கார அண்ணாச்சி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சந்தோஷப்படலாம், பணம் வராது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் அமௌண்ட் அல்லது பேலன்ஸ், தொகை, பில் எண், கட்ட வேண்டிய தேதி நாலும் இருக்க வேண்டும்.