வெள்ளி ரூபாயைத் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தேன்

வீட்டில் கிடந்த நான்கு பழைய ஒரு ரூபாய் நாணயங்களில் எது வெள்ளி என்று பார்க்க உட்கார்ந்தேன். அமிலச் சோதனை வேண்டாம். நாணயத்தில் தழும்பு விழும், மேல்பூச்சைத் தாண்டி உள்ளே இருப்பதும் தெரியாது.

முதலில் காந்தம். புலி போட்ட 1947 ரூபாய் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. அது நிக்கல், ஆச்சரியம் இல்லை. மற்ற மூன்றும் அசையவில்லை. ஆனால் செம்பும் ஈயமும்கூட ஒட்டாதே!

அப்புறம் அடர்த்தி. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து பூஜ்ஜியமாக்கினேன். நாணயத்தை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டால் தராசு காட்டுவது அது விலக்கிய நீரின் எடை. காற்றில் உள்ள எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

ஐந்தாம் ஜார்ஜின் 1918 ரூபாய் 11.61 கிராம். நீரில் 1.42 காட்டியது. அடர்த்தி 8.2! செம்பே 8.96 ஆயிற்றே என்று குனிந்து பார்த்தால், நாணயம் டம்ளரின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நூலைத் தூக்கினேன்: 1.16. இன்னும் இடித்தது. விளிம்பு வரிகளில் பொடிப்பொடியாகக் காற்றுக்குமிழ்கள். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு நூலைத் தட்டியதும் 1.12, அதாவது சுமார் 10.37. அந்தக் கால ரூபாயில் இருக்க வேண்டிய 91.7 சதவீத வெள்ளிக்குச் சரியான கணக்கு. ஆனாலும் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே அடர்த்தி 0.09 நகர்கிறது. இந்தத் தராசை வைத்து 90-ஆ 92-ஆ என்று சண்டை போட முடியாது.

ஆறாம் ஜார்ஜின் 1942 ரூபாய் 11.64 கிராம், நீரில் 1.22. அடர்த்தி 9.5. போலி இல்லை, 1940 முதல் அரசே வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. எடை பழையபடியே இருப்பதால் தராசில் மட்டும் போட்டால் இந்த வித்தியாசம் பிடிபடாது.

கடைசியாக, நான் பெரிதாக நம்பியிருந்த விக்டோரியா 1862. 11.52 கிராம், நீரில் 1.06. மூன்று முறை நிறுத்தும் அதே 10.9. சுத்த வெள்ளியே 10.49 தான், செம்பு சேர்ந்தால் இறங்க வேண்டும், ஏறக்கூடாது. ஏற்றக்கூடியது என்றால் 11.34 உள்ள ஈயம். தேய்ந்த விளிம்பை வெள்ளைத் தாளில் இழுத்துப் பார்த்தேன். பென்சில் போலச் சாம்பல் கோடு விழுந்தது.