.22 தோட்டாவை எடை போட்டால் என்ன தெரியும், சுட்ட கூட்டை மறுபடி நிரப்பும் ரீலோடிங்கில் என்ன மிச்சம்?

காரைக்குடி நகைப் பட்டறைகளில் புழங்கும் மில்லிகிராம் தராசே இதற்குப் போதும். மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடி மூடியைச் சாத்தினால்தான் எண் நிற்கும்.

.22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா ஒன்று சுமார் 3.35 கிராம். 40 கிரெயின் ஈயக் குண்டு மட்டும் 2.6 கிராம், மிச்சத்தில் பெரும்பகுதி பித்தளைக் கூடு. வெடிமருந்து 0.1 கிராமை எட்டுவதே அபூர்வம். இங்கேதான் சிக்கல். 20 மில்லிகிராம் குறைந்தால் அது பித்தளையிலா, ஈயத்திலா, மருந்திலா என்று தராசு சொல்லாது. பித்தளையில் குறைந்தால் கவலையில்லை. மருந்தில் குறைந்தால் குண்டு கீழே இறங்கிவிடும்.

வேகம் விநாடிக்கு 325 மீட்டரில் 10 மீட்டர் குறைந்தால் 50 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 7 மி.மீ. தாழும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். .223 சென்டர்ஃபயரில் (ஊசி கூட்டின் அடி நடுவில் அடிக்கும் வகை) வேகம் விநாடிக்கு 970 மீட்டரை ஒட்டி இருப்பதால், அதே 10 மீட்டர் வித்தியாசம் 100 மீட்டரில்கூட ஒன்றிரண்டு மி.மீ.யைத் தாண்டாது. அதோடு, ரீலோடிங்கில் கூடு, குண்டு, மருந்து மூன்றையும் சேர்ப்பதற்கு முன்பே தனித்தனியாக எடை போடலாம். ரீலோடிங்கின் உண்மையான லாபம் இதுதான், காசு மிச்சம் என்பதெல்லாம் அப்புறம். .22 போன்ற ரிம்ஃபயரில் (ஊசி விளிம்பில் அடிக்கும் வகை) மருந்தைப் பற்றவைக்கும் கேப் கலவை விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. ஊசி அடித்து நசுங்கிய விளிம்போடு கூடும் முடிந்தது, மறுபடி நிரப்ப வழியில்லை.

ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டு மேஜையில் செய்து பார்க்கிற வேலை அல்ல. 50 மீட்டர் சுடுபவருக்கு அது தேவையும் இல்லை.

தராசைவிட லாட் (ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டாக்கள்) சோதனைதான் கைகொடுக்கிறது. பெட்டி மேல் அச்சிட்ட லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பத்தாக ஐந்து குரூப் (ஒரே புள்ளியைக் குறிவைத்து விழும் துளைக் கூட்டம்), துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, காற்று அடங்கிய காலையில் சுட வேண்டும். பிராண்டு மாறும்போது முதல் 15, 20 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். துப்பாக்கிக் குழாய்க்குள் பழைய குண்டுகளில் பூசிய மெழுகு போய்ப் புதிய மெழுகு படியும்வரை குரூப் அலையும். தேறிய லாட்டிலேயே வருடத்துக்கானதை மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது.

விளிம்புத் தடிமனையும் கேஜில் பாருங்கள். மெலிந்த விளிம்பில் ஊசி அரைகுறையாக அடிக்கும், மிஸ்ஃபயர் அங்கிருந்தும் வரும். வெடிக்காவிட்டால் குழாயை இலக்கை நோக்கியே 30 விநாடி பிடித்திருந்து, பிறகு போல்ட்டைத் திறக்க வேண்டும்.

சித்திரை வெயிலில் தோட்டாவைக் காருக்குள் வைத்தால் மெழுகு இளகி, நம்மூர்ச் செம்மண் தூசி குண்டில் அப்பிக்கொள்ளும். அதுவே குழாயைத் தேய்க்கும் உப்புத்தாள். பழைய வளவு வீட்டின் உள்கட்டில், பூட்டிய இரும்புப் பெட்டகத்துக்குள் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. (ஆச்சிமார் நகை வைத்த இடம், பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.)

எடை வேறுபட்டதால் ஒதுக்கிய தோட்டாக்களைத் தூக்கிப்போட வேண்டாம். பிராண்டு மாறும்போது சுடும் அந்த முதல் 15, 20 குண்டுகளுக்கு அவையே போதும்.