சம்பா சர்வரைப் புதுப் பெட்டிக்கு மாற்றியது: ஃபைல் வந்தது, பெர்மிஷன் வரவில்லை

லினக்ஸ் பெட்டியில் உள்ள ஃபைல்களை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள்தான் சம்பா. அந்த சர்வரைப் புதுப் பெட்டிக்கு மாற்றியபோது 3 டிபி டேட்டாவும் ஒரு பைட் பிசகாமல் வந்து சேர்ந்தது. ஆனால் விண்டோஸில் செக்யூரிட்டி டேபைத் திறந்தால், பெயர் வரவேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீள எண்கள். இவைதான் எஸ்ஐடி, விண்டோஸ் யூசரை அடையாளம் காணும் எண். கணக்கு ஃபோல்டர் யாருக்கும் திறக்கவில்லை. இரண்டு மாலை இதிலேயே போய்விட்டது. இப்போது சரியாகிவிட்டது.

பழையது என்54எல் மைக்ரோசர்வர், டெபியன் லினக்ஸ், எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். புதியது என்100 போர்டு, 16 ஜிபி ரேம், இரண்டு 8 டிபி டிஸ்க் மிரராக (ஒன்றின் நகலாக மற்றொன்று), இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். ஆஷிஃப்ட் (டிஸ்க் செக்டர் அளவுக்கான செட்டிங்) 12 என்று பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) போடும்போதே கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற வழியில்லை. யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்தான் ஏசிஎல். லினக்ஸில் அதற்கான ஏசிஎல்டைப் செட்டிங் தானாக ஆன் ஆகாது. அதை போசிக்ஸ் (லினக்ஸ் பாணி பெர்மிஷன்) என்றும், ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் தகவலான ஆட்ரிப்யூட்டுக்குரிய எக்ஸ்ஆட்டரை எஸ்ஏ என்றும் காப்பி தொடங்கும் முன்பே வைத்தாக வேண்டும்.

காப்பிக்கு ஆர்சிங்க் கமாண்ட், இந்த ஆப்ஷன்களோடு: சின்ன ஏ, பெரிய ஹெச், பெரிய ஏ, பெரிய எக்ஸ், கூடவே நியூமெரிக்-ஐடிஸ். பழைய சிபியுவில் ஏஇஎஸ் என்க்ரிப்ஷனுக்கான தனி வசதி கிடையாது, எஸ்எஸ்ஹெச் என்ற என்க்ரிப்ட் செய்த இணைப்பு வழியாக இழுத்தால் என்க்ரிப்ஷனிலேயே திணறும். அதனால் பழைய பெட்டியில் ஆர்சிங்க் டீமனை (பின்னணியில் ஓடும் சேவை) ரீட்-ஒன்லியாக ஓடவிட்டு, புதியதிலிருந்து இழுப்பது மேல். டீமன் கான்ஃபிகில் யுஐடி (லினக்ஸ் யூசர் எண்) ரூட், அதாவது நிர்வாகி, என்று எழுத மறக்கக் கூடாது. ரூட்டாக ஓடாவிட்டால் 'யூசர்.' என்று தொடங்கும் ஆட்ரிப்யூட் மட்டுமே வரும். விண்டோஸ் ஏசிஎல் இருப்பதோ 'செக்யூரிட்டி.என்டிஏசிஎல்' என்ற ஆட்ரிப்யூட்டில். கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வைத்தால் 3 டிபிக்கு ஏழரை மணி நேரம். சின்ன ஃபைல்கள் அதிகம் என்றால் இன்னும் இழுக்கும்.

இனி, மாட்டிக்கொண்ட இடம். சம்பாவின் யூசர் விவரம் இருக்கும் பாஸ்டிபி.டிடிபி ஃபைலை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். போதாது. அதில் யூசருடைய எஸ்ஐடியின் கடைசி எண்ணான ஆர்ஐடி மட்டும்தான் இருக்கிறது. முன்பகுதியான மெஷின் எஸ்ஐடி சீக்ரெட்ஸ்.டிடிபியில், அதுவும் பெட்டியின் பெயரான ஹோஸ்ட்நேமோடு சேர்த்துப் பதிவாகிறது. புதுப் பெட்டிக்கு வேறு பெயர் வைத்தால் சம்பா புது எஸ்ஐடி ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். ஃபைல்களின் ஏசிஎல்லில் பழைய எஸ்ஐடி. ஆட்கள் புது எஸ்ஐடியில். பழைய பெட்டியில் 'நெட் கெட்லோக்கல்எஸ்ஐடி' போட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, புதியதில் சம்பாவை நிறுத்தி, 'நெட் செட்லோக்கல்எஸ்ஐடி' கொடுத்து, பிறகு ஸ்டார்ட் செய்ததும் பெயர்கள் திரும்பின. லினக்ஸ் யூசர்கள் அதே யுஐடி எண்களோடு முன்கூட்டியே இருக்க வேண்டும்.

அப்போதும் கணக்கு ஃபோல்டர் மட்டும் அடம்பிடித்தது. அவசரத்தில் அதன்மேல் ரிகர்சிவ் சிமோட் (உள்ளே உள்ள எல்லாவற்றின் பெர்மிஷனையும் மாற்றும் கமாண்ட்) ஒன்று ஓடியிருந்தது. சம்பாவின் ஏசிஎல்_எக்ஸ்ஆட்டர் மாட்யூல், என்டி ஏசிஎல்லோடு (அதாவது விண்டோஸ் ஏசிஎல்) கீழே உள்ள போசிக்ஸ் பெர்மிஷனின் ஹாஷையும் (அதிலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறியீடு) சேர்த்துவைக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் என்டி ஏசிஎல்லையே ஒதுக்கிவிடும். அதே ஆர்சிங்கை அந்த ஃபோல்டருக்கு மறுபடி ஓட்டினால் பெர்மிஷன் பழையபடி ஆகி, ஹாஷும் பொருந்திவிடுகிறது. காப்பிக்குப் பிறகு சிமோட், சோன் (ஃபைலின் உரிமையாளரை மாற்றும் கமாண்ட்) பக்கமே போகாதீர்கள்.

சரிபார்க்க, ஆட்ரிப்யூட்டைக் காட்டும் கெட்எஃப்ஆட்டர் போடும்போது 'மைனஸ் எம் மைனஸ்' சேருங்கள். இல்லையென்றால் 'யூசர்.' மட்டும் காட்டி, என்டிஏசிஎல் வரவே இல்லையோ என்று பயமுறுத்தும்.

டிஸ்க் பற்றி ஒன்று. இவை யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றியவை, முதலில் சுழலவே இல்லை. சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் இவ்வகை டிஸ்க் அணைந்தே கிடக்கும். முதல் மூன்று பின்களை கேப்டன் டேப்பால் (மின்சாரம் கடத்தாத டேப்) மூடினால் தீர்ந்தது. சென்னை ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் டேப் கிடைக்கும், குறைந்த அகலம் கேட்டு வாங்குங்கள். போர்டில் 2.5ஜி நெட்வொர்க் போர்ட் நான்கு சும்மா கிடக்கின்றன, அடுத்து வாங்கப்போவது அதற்கான ஸ்விட்ச்.

ஷேர்களை நிறுத்திவிட்டு டெலீட் ஆப்ஷனோடு (பழையதில் இல்லாததைப் புதியதில் நீக்கும்) கடைசி ஆர்சிங்க் இன்னும் பாக்கி. அதற்கு முன் டிரை-ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை), என்ன மாறும் என்று பட்டியலிடும் ஐட்டமைஸ் சேர்த்து. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் 11 எழுத்தில் கடைசி இரண்டு இடங்களில் ஏ அல்லது எக்ஸ் தெரிந்தால், அந்த ஃபைலின் ஏசிஎல்லோ ஆட்ரிப்யூட்டோ இன்னும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இப்போதைக்கு அப்படி 14 வரிகள் வருகின்றன, எல்லாம் ஸ்கேனர் ஃபோல்டரில்.