அரை சென்டிமீட்டர்

மார்ச் 3
நாளைய இதய அறுவைப் பட்டியலில் நான்கு குழந்தைகள். நால்வரின் உயரத்தையும் மறுபடி அளக்கச் சொல்லியாயிற்று. எடையை மூன்று பேர் சரிபார்க்கிறார்கள், உயரத்தைக் கண்ணால் பார்த்து எழுதிவிடுகிறார்கள். மருந்துக்கு எடை என்றால் சென்ட்ரல் லைனுக்கு (பெரிய சிரை வழியாக இதயத்தருகே விடும் குழாய்) உயரம். எத்தனை செ.மீ. உள்ளே விடுவது என்றால், வலது கழுத்துச் சிரை வழியாகப் போட்டால் 100 செ.மீ. வரை உயரத்தைப் பத்தால் வகுத்து 1 கழிக்க வேண்டும், அதைத் தாண்டினால் 2.

52 செ.மீ.: 4.2
67 செ.மீ.: 5.7
98 செ.மீ.: 8.8
103 செ.மீ.: 8.3

கடைசி இரண்டையும் பார்க்கப் பார்க்க உறுத்துகிறது. ஐந்து செ.மீ. வளர்ந்த குழந்தைக்கு அரை செ.மீ. குறைவான ஆழம். நூறைத் தாண்டிய அன்றைக்கு எந்தக் குழந்தையின் மேற்பெருஞ்சிரையும் (தலை, கைகளின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் சிரை) சுருங்குவதில்லை. பாதுகாப்பான பக்கம் சாய்வதற்காகப் போட்ட கோடு அது.

மார்ச் 4
3.1 கிலோ, 52 செ.மீ. 4 ஃபிரெஞ்ச் தடிமன், இரட்டை லூமன் (உள்ளே இரண்டு தனித்தனி வழிகள்), 5 செ.மீ. கதீட்டர் (லைனுக்கான குழாய்).

துணி விரிக்கும் முன்பே இரண்டு பக்கமும் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்துவிட வேண்டும். சிரை திறந்திருக்கிறதா, பழைய ரத்தக்கட்டு உண்டா, கரோட்டிட் தமனி எங்கே கிடக்கிறது என்று கண்டபின்தான் கிருமிநாசினி. தோள்பட்டைக்கு அடியில் சிறு துணிச்சுருள். தலையை இலேசாகத் திருப்பினால் போதும். முழுக்கத் திருப்பினால் சிரை கரோட்டிட்டின் மேலேயே ஏறிப் படுத்துவிடும், அப்புறம் பின்சுவரைத் தாண்டும் ஊசி நேராகத் தமனிக்குள். தலைப்பக்கம் 15 பாகை தாழ்த்தி, உதவிக்கு நிற்பவர் கல்லீரல்மேல் மெதுவாகக் கை வைத்து அழுத்தினால் சிரை திரையிலேயே உப்புவது தெரியும்.

அல்ட்ராசவுண்ட் புரோபின் கனம் ஒன்றே இந்தச் சிரையை மூடப் போதும். நிறைய ஜெல் வைத்து, சுண்டுவிரலைக் குழந்தையின் தாடையில் ஊன்றி, தொட்டும் தொடாமலும் பிடிக்க வேண்டும். 21 கேஜ் ஊசி தொட்டதும் முன்சுவர் கூடாரம்போல் உள்ளே குழியும். பின்சுவரோடு ஒட்டும் வரை குழியும். அந்த நேரம் தள்ளிக்கொண்டே போனால் இரண்டு சுவரையும் துளைத்துவிடுவோம். துளைத்துவிட்டாலும் பதற வேண்டாம். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னால் இழுத்தால் ரத்தம் வரும் இடம் ஒன்று உண்டு. அங்கே நின்று, ஊசியைப் படுக்கவைத்து, குழாய்க்கு வழிகாட்டும் வயர்.

0.018 அங்குல வயர். நுனி நேராகவும் மென்மையாகவும் இருப்பதே நல்லது. வளைந்த நுனி இந்த அகலத்தில் விரியாது, சுவரில் முட்டி நிற்கும். தடை தெரிந்தால் தள்ளக்கூடாது. வயர் போனதும் ஈ.சி.ஜி.யில் கூடுதல் துடிப்பு வந்தால் அது இதயத்தின் கீழறை வரை போய்விட்டது, இழுக்க வேண்டும். வயர் சிரைக்குள்தான் கிடக்கிறது என்று நீளவாட்டில் ஒரு தடவை பார்க்காமல் டைலேட்டரை (துளையை அகலப்படுத்தும் கருவி) கையில் எடுக்கக்கூடாது.

டைலேட்டருக்குத் தோலையும் சிரையின் முன்சுவரையும் தாண்டுவது மட்டும்தான் வேலை. முழு நீளமும் உள்ளே போனால் மேற்பெருஞ்சிரையைக் கிழிக்கும் முதல் கருவி அதுதான். தள்ளும்போது வயர் கைக்குள் முன்னும் பின்னும் தடையில்லாமல் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் எங்கோ மடிந்திருக்கிறது.

ஊசி, வயர், ஊசியை எடு, குழாய். இந்த முறையை வகுத்த செல்டிங்கர் 1953-இல் எழுதிய அதே வரிசை. பெரியவர்களுக்குக் கை தானாகச் செய்துவிடும். 3 கிலோவில் ஒவ்வொரு படியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

4.2-இல் நிறுத்தியாயிற்று. 8 மி.மீ. வெளியே. அப்படி வெளியே விடும்போதெல்லாம் மேல் லூமனின் துளை சிரைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இரண்டு லூமனிலும் ரத்தம் தாராளமாகத் திரும்ப வந்தது. ஒன்றில் வராவிட்டால் அதில் அட்ரினலின் ஓடக்கூடாது. கழுத்துச் சதைக்குள் இறங்கும்.

மார்ச் 5
எக்ஸ்ரேயில் முனை கரைனாவுக்கு (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) நேரே. நிம்மதி.

மார்ச் 7
4.2 எங்கிருந்து 4.2?

தோலில் ஊசி நுழைந்த துளையிலிருந்து. அந்தக் கணக்கு பிறந்தபோது ஊசி கழுத்தின் நடுப்பகுதியில் நுழைந்தது. இப்போது அல்ட்ராசவுண்ட் கையில் இருப்பதால் சிரை அகலமாகத் தெரியும் இடம் தேடிக் காறை எலும்பின் பக்கம் இறங்கிவிடுகிறோம். ஒரு செ.மீ. கீழே குத்தி அதே 4.2-ஐ உள்ளே விட்டால் முனை ஒரு செ.மீ. கீழே போய் இதயத்தின் மேலறைக்குள் நிற்கும். கைக்குழந்தைக்கு ஒரு செ.மீ. என்பது வீட்டுக்கும் தெருவுக்கும் உள்ள தூரம்.

உடம்பின்மேல் அளக்கும் முறை இதற்குப் பதில் சொல்கிறது. குத்திய இடத்திலிருந்து வலது காறை எலும்பின் உள்முனை வரை ஓர் அளவு, அங்கிருந்து இரு முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இறங்கும் தூரத்தில் பாதி இன்னோர் அளவு. இரண்டையும் கூட்டி அரை செ.மீ. கழிக்க வேண்டும். குத்திய இடம் மாறினால் கணக்கும் கூடவே மாறுகிறது. இன்று முதல் இரண்டு எண்ணையும் பலகையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒத்துப்போகாவிட்டால் சிறியது.

மார்ச் 8
இன்று ஒன்றுமில்லை. உயரங்கள் மட்டும்: 61, 74, 88.

மார்ச் 9
முனை ஏன் மேலறைக்குள் கிடக்கக்கூடாது என்று கேட்டார்கள். பெரியவர்களுக்கு அங்கேயே விடுகிறார்களே என்றார்கள்.

பிறந்த சில நாள் குழந்தையின் மேலறைச் சுவர் காகிதம்போல. ஒவ்வொரு துடிப்பிலும் முனை அதே இடத்தில் உரசுகிறது. நிமிடத்துக்கு 140 தடவை. துளை விழுந்து இதய உறைக்குள் சில மில்லிலிட்டர் கசிந்தால் போதும், இதயம் நிரம்ப இடமிருக்காது. பல மணி நேரம் கழித்து, எல்லோரும் நிம்மதியாக இருக்கும்போது நடக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1989-லேயே இதை எச்சரித்தது.

லைன் உள்ள குழந்தைக்கு ரத்த அழுத்தம் காரணமின்றி இறங்கினால் முதலில் மார்பில் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்). லூமனிலிருந்து உறிஞ்சிப் பார்ப்பதும் அப்போதே. ஓடும் திரவமே உறையில் தேங்கியிருந்தால் சில சமயம் அந்த வழியாகவே வெளியே வரும்.

மேற்பெருஞ்சிரையின் கீழ்ப்பகுதியும் இதய உறைக்குள்தான். அதனால்தான் அது மேலறையோடு சேரும் சந்திப்புக்குச் சற்று மேலே, சுவருக்கு இணையாக என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடது பக்கத்திலிருந்து போகும் லைன் பாதி வழியில் நின்றால் முனை வலது சுவரில் குத்தி நிற்கும். ஆழம் சரி, கோணம் தப்பு. அதுவும் துளைக்கும்.

மார்ச் 10, இரவு
எக்கோ அறிக்கையை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது: கரோனரி சைனஸ் (இதயத் தசையின் ரத்தத்தை மேலறைக்குள் விடும் சிரை) விரிந்திருக்கிறது. அதை ஏன் எழுதினோம் என்று யாரும் எழுதவில்லை. வலதில் மட்டும் இருக்க வேண்டிய மேற்பெருஞ்சிரை இடதிலும் இருந்து அதில் திறக்கிறதா? இரு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சிரை இருக்கிறதா? பிறவி இதய நோயில் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குறுக்குச் சிரை இல்லாவிட்டால் வலதுபக்கச் சிரை மெலிந்திருக்கும், சிலருக்கு வலது என்று ஒன்று இருக்கவே இருக்காது.

காலையில் கேட்க வேண்டும். ஊசி எடுக்கும் முன்.

மார்ச் 11
இருக்கிறது. அந்த இடது மேற்பெருஞ்சிரைதான். இடது பக்கம் தொடவே இல்லை. அங்கே போட்டால் முனை கரோனரி சைனஸுக்குள், துடிப்பு தாறுமாறாகும், ரத்தக்கட்டு வரும், துளையும் விழும். அந்தச் சிரை இடது மேலறையில் திறந்தாலோ, ஒரு காற்றுக்குமிழி நேரே மூளைக்கு.

வலது சிரை மெலிதுதான். 4 ஃபிரெஞ்ச் போதும் என்று முடிவு.

மார்ச் 13
பைபாஸ் (இதய-நுரையீரல் இயந்திரம்) தொடங்கியதும் அட்ரினலின் வேலை செய்யவில்லை என்று பத்து நிமிடத் தேடல். மேற்பெருஞ்சிரையைச் சுற்றிய நாடாவை இறுக்கியிருந்தார்கள். லைன் முனை அதற்கு மேலே. மருந்து கேன்யுலா (ரத்தத்தை வெளியே எடுக்கும் குழாய்) வழியாக இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. முனை கீழே இருந்திருந்தால் நாடாவுக்குள் கதீட்டரே நசுங்கியிருக்கும், தையலில் சிக்கினாலும் சிக்கும். ஆகவே இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் சத்தமாகச் சொல்ல வேண்டும். மூடும் முன் லைன் அரை செ.மீ. வழுக்கி நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தையலில் மாட்டிய லைன் மூன்றாம் நாள் இழுக்கும்போதுதான் தெரியவரும்.

மார்ச் 14
நீலம் பாய்ந்த குழந்தை, ஆக்சிஜன் அளவு 72. ரத்தத்தின் நிறத்தை நம்பாதே. தமனி ரத்தமும் கறுப்புதான். டைலேட்டருக்கு முன் அழுத்த அலையைப் பார்.

மார்ச் 16
கிளென் அறுவை. மேற்பெருஞ்சிரை நுரையீரல் தமனியோடு சேர்ந்துவிடும். அதன்பின் கழுத்து லைனில் படிப்பது நுரையீரல் தமனியின் அழுத்தம். அந்த இணைப்பில் ரத்தக்கட்டு பிடித்தால் குழந்தைக்கு மாற்றுவழி இல்லை. அதனால் மெலிதான லைன், கணக்கைவிட மேலே, ஓரிரு நாளில் எடுத்துவிடுவது. மருந்தெல்லாம் தொடைச் சிரை வழியாக. 1958-இல் கிளென் செய்தபோது இருந்த பயம் இன்றும் குறையவில்லை.

மார்ச் 18
4.2-இல் போட்ட குழந்தையின் இன்றைய எக்ஸ்ரே: முனை கரைனாவுக்கு நன்றாகக் கீழே. தையல் அப்படியே இருக்கிறது. மாறியது கழுத்து. அன்று தோளுக்கடியில் துணிச்சுருள், கழுத்து பின்னால் சாய்ந்திருந்தது. இன்று தாடை மார்பைத் தொடுகிறது. குனிந்தால் முனை கீழே இறங்கும், நிமிர்ந்தால் ஏறும். படத்தோடு தலை எப்படி இருந்தது என்று எழுதாவிட்டால் இரண்டு படத்தை ஒப்பிட்டு என்ன பயன்?

5 மி.மீ. வெளியே இழுத்து மறுபடி தைத்தாயிற்று. உள்ளே தள்ளுவது மட்டும் ஒருநாளும் கூடாது. வெளியே கிடந்த பகுதி அழுக்கு.

மார்ச் 19
நாளை முதல் அறுவை, உயரம் 100. சரியாக 100. கணக்குப்படி 9.0. ஒரு செ.மீ. கூட இருந்தால் 8.1.

டி.இ.இ. (உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ) புரோப் முதலில் போகட்டும். இரண்டு பெருஞ்சிரையும் ஒரே படத்தில் தெரியும் கோணத்தில் மேலறை தொடங்கும் மேடு நன்றாகத் தெரியும். கதீட்டர் இரண்டு இணைக்கோடுகளாக வரும். ஒரு மில்லிலிட்டர் சலைன் தள்ளினால் முனையில் சுழல் தெரியும். குமிழி கலக்கக் குலுக்கிய சலைன் கூடாது, இந்தக் குழந்தைக்கு வலமிருந்து இடம் ரத்தம் பாய்கிறது. மேட்டுக்கு மேலே முனை நிற்கும் வரை இழுத்து, தோலில் என்ன எண் இருக்கிறதோ அதை எழுதிக்கொள்ளலாம்.

மார்ச் 20, காலை
மறுபடி அளந்தார்கள். 101.