கிரக அவஸ்தை கணித்துப் பார்த்தேன்: அக்காவின் சூரியனும் பழைய மலேசிய நேரமும்

மூன்று மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இதற்குத்தான். ராசிக்கட்டம் போடவும் தசாபுத்தி எண்ணவும் எனக்கு முன்பே தெரியும். இப்போது பழகுவது கிரக அவஸ்தைகளை, அதாவது கிரகங்களின் நிலைகளை. ஒரு கிரகம் எந்த வீட்டில் நிற்கிறது என்பதோடு விடாமல், அங்கே அது குழந்தையா கிழமா, விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்ப்பது.

கிரகத்தின் வயதைச் சொல்லும் பாலாதி அவஸ்தையில் தொடங்கினேன். கணக்கு எளிது. ராசியின் 30 பாகையை ஆறு ஆறாக ஐந்து கூறு போட வேண்டும். மேஷம், மிதுனம் போன்ற ஒற்றைப்படை ராசிகளில் முதல் ஆறு பாகை பாலன், அப்புறம் குமாரன், யுவன், விருத்தன், கடைசி ஆறு மிருதன், அதாவது செத்தவன். இரட்டைப்படை ராசிகளில் இதே வரிசை தலைகீழ். பாலன் கால் பங்கு பலன் தருவான், குமாரன் பாதி, யுவன் முழுசு, விருத்தன் கொஞ்சம், மிருதன் ஒன்றுமில்லை என்பது விதி.

முதலில் எடுத்தது அக்கா ஜாதகம். 1978 சித்திரைக் கடைசியில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவர். சூரியன் மேஷத்தில் உச்சம்; ஆனால் 26 பாகை. நோட்டில் ‘மிருதம்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. சூரியன் பிதுர்காரகன், அப்பாவைக் குறிக்கும் கிரகம். அக்காவுக்கு 9 வயதில் அப்பா போய்விட்டார். அன்றைக்கு அத்தோடு நோட்டை மூடிவிட்டேன்.

மறுநாள் என் கட்டத்தை எடுத்தேன். நான் 1982 ஐப்பசி. சூரியன் துலாத்தில் நீசம், 15 பாகை, அதாவது யுவன். முழு இளமை! அதே அப்பாதானே எனக்கும்? அவர் போனபோது எனக்கு 5 வயது. மிருதம் என்ற சொல்லை அப்படியே சாவோடு முடிச்சுப் போடக் கூடாது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அது கிரகத்தின் பலன் எந்த அளவு பழுத்திருக்கிறது என்று சொல்கிற சொல்.

சரி, அடுத்த அளவுகோலையும் வைத்துப் பார்ப்போம் என்று விழிப்பா தூக்கமா எனச் சொல்லும் ஜாக்கிரதாதிக்குப் போனேன். உச்சத்திலும் சொந்த வீட்டிலும் இருக்கும் கிரகம் விழிப்பில், நட்பு, சம வீடுகளில் சொப்பனத்தில், பகை, நீச வீடுகளில் சுழுத்தியில், அதாவது ஆழ்ந்த தூக்கத்தில். அக்காவின் சூரியன் விழித்திருக்கிறது. தீப்தாதி என்ற இன்னொரு வகையில் உச்சக் கிரகம் தீப்தம், ஒளிவிடுவது. என் சூரியனோ ஆழ்ந்த தூக்கம். போதாததற்குப் பகை வீட்டில் சனியோடு சேர்ந்து நிற்பதால் லஜ்ஜிதாதி என்ற வகையில் க்ஷுதிதம், பசித்திருப்பது. அக்காவுக்கு மிருதமும் விழிப்பும், எனக்கு இளமையும் தூக்கமும். மிருதத்தைப் போலச் சுழுத்திக்கும் பலன் இல்லை என்பதால், இரண்டு விதியையும் பெருக்கினால் இருவருக்கும் பூஜ்யம் வருகிறது. வாழ்க்கை அப்படி இல்லை. அதனால் அவஸ்தைகளைப் பெருக்கிப் பார்ப்பதை விட்டேன். எந்த பாவத்துக்கு (வீட்டுக்கு) அதிபதி, எங்கே நிற்கிறது, எந்த புத்தியில் (தசைக்குள் வரும் உட்பிரிவில்) பேசுகிறது என்று பார்த்துவிட்டு, அந்தப் பேச்சின் தொனியை அறிய மட்டும் அவஸ்தையைக் கேட்கிறேன்.

அப்படிப் பார்க்க லக்னம் சரியாக இருக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் காத்திருந்தது.

அக்கா பிறந்த நேரம் அம்மாவிடம் ஒரு தினசரிக் காலண்டர் தாளில் இருக்கிறது. நான்காக மடித்து, மடிப்பெல்லாம் பழுத்து, பின்பக்கம் பென்சிலில் 5.10. “பெரட்டு மணி இன்னும் அடிக்கலைய்யா. டிரசர் டார்ச் லைட்ட கைக்கடிகாரத்து மேல அடிச்சுப் பாத்துச் சொன்னாரு” என்றார். பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் கூட்டுவது; டிரசர் தோட்டத்து மருத்துவ உதவியாளர். கணினியில் 5.10 என்று கொடுத்திருந்தேன். மீன லக்னம், கடைசிப் பாகைகள்.

ஆனால் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1-ல்தான் அரை மணி முன்னால் தள்ளப்பட்டது. அதற்கு முன் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம்தான் முன்னே, இப்போது எட்டு. நான் எட்டு என்றே போட்டிருக்கிறேன். ஏழரை என்று மாற்றியதும் லக்னம் ஏழெட்டுப் பாகை நகர்ந்து மேஷத்துக்குள் வந்தது. 6-ஆம் அதிபதியாக 2-ல் நின்ற சூரியன் இப்போது 5-ஆம் அதிபதியாக லக்னத்திலேயே! சூரியனின் பாகை அரை மணியில் அசையவில்லை என்றே சொல்லலாம், ஆனால் சந்திரன் நகர்ந்துவிட்டது. மிதுனத்தில் 11 பாகை 52 கலையாக (60 கலை ஒரு பாகை) இருந்தது 12 பாகை 8 கலை ஆனது. குமாரன் யுவனாகிவிட்டான். வெறும் 16 கலைதான், தசைக் கணக்கில் அதுவே நாலு மாதத்துக்கு மேல். திருவாதிரை நட்சத்திரம், பிறக்கும்போது மிச்சமிருந்த ராகு தசை இருப்பு அந்த அளவுக்குக் குறைந்தது.

பழைய கணக்கில் சனி தசையில் சூரிய புத்தி 2015 ஏப்ரலில் தொடங்கியது. திருத்திய பிறகு 2014 டிசம்பர். அக்கா தொழிற்சாலை வேலையை விட்டுப் பாலர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தது 2015 ஜனவரி. 5-ஆம் இடம் பிள்ளைகளும் கல்வியும். நோட்டில் அந்த வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். முப்பத்தாறு வயதுக்குப் பிறகு தாமதமாக வந்த வேலை என்பதையும் பக்கத்தில் குறித்திருக்கிறேன், 26-ஆம் பாகைக்கு அது பொருந்துவதாக என் மனசுக்குப் படுகிறது. ஒரு ஜாதகத்தை வைத்து விதி எழுத மாட்டேன்.

சயனாதி பன்னிரண்டு அவஸ்தைகளை இன்னும் தொடவில்லை. அந்தக் கணக்கில் ஜனன நாழிகையும் சேர்கிறது. அரை மணி என்றால் ஒன்றேகால் நாழிகை; ‘விடியக்காலம்’ என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு அதைப் போடுவதில் பொருளில்லை.

தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறி, லயமும் போய், நாங்கள் டவுன் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்து வெகு காலமாகிவிட்டது. அம்மாவோடு பால்மரம் சீவிய மூன்று பெண்கள் இதே தாமானில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் 1982-க்கு முன் பிறந்தவர்கள். யார் வீட்டில் நேரம் குறித்த தாள் இருக்கிறது என்று அம்மா விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஒன்று கிடைத்திருக்கிறது, 1971, ராத்திரி 11.45. சனிக்கிழமை உட்காரப் போகிறேன்.