கடையைக் காணோம்

பழைய இசைத்தட்டுகளை டிஜிட்டலுக்கு மாற்றுவதுதான் என் வேலை. அமெரிக்காவில் ஓர் ஒலி ஆவணக் காப்பகத்தில் சேர்ந்த புதிதில், பயிற்சிக்காக ஒரு நகல் கோப்பைக் கொடுத்தார்கள். 1941 ஆகஸ்டில், மிசிசிப்பியின் லேக் கார்மரன்ட் என்ற சின்ன ஊரில் சன் ஹவுஸ் என்ற பாடகர் பாடிய ப்ளூஸ் பாட்டு; ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. "எது இரைச்சல் என்று பார்த்துச் சுத்தம் செய்து கொண்டு வாருங்கள்" என்றார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த பெண்மணி.

அது ஸ்டுடியோவில் பதிவானது இல்லை. கிளாக்ஸ் ஸ்டோர் என்ற ஒரு கடையில் பதிவானது. கூடவே வில்லி பிரவுன் கிட்டார், ஜோ மார்ட்டின் மாண்டலின், லெராய் வில்லியம்ஸ் மவுத் ஆர்கன். கடைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம். இவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் ஒன்று தடதடவென்று கடந்து போகிறது. யாரும் நிறுத்தவில்லை.

அந்த ரயிலை எடுத்துவிடுவது என்று மூன்று நாள் உட்கார்ந்தேன். சிக்கல் என்னவென்றால், ரயிலின் உறுமலும் கிட்டாரின் தடித்த தந்திகளும் ஒரே அலைவரிசையில் கிடந்தன. ஒன்றை வழித்தால் இன்னொன்றும் கூடவே வந்தது. கடைசியில் ரயில் போய்விட்டது, கிட்டாரின் அடிவயிறும் போய்விட்டது. பெருமையோடு போட்டுக் காட்டினேன். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "கடையைக் காணோமே" என்றார்.

அப்புறம் அவர் என்னைத் தட்டுகள் இருக்கும் மேசைக்கு அழைத்துப் போனார். அலுமினியத் தட்டின் மேல் கறுப்பு அரக்குப் பூச்சு. பதிவு ஊசி அதைக் கீறும்போது முடி மாதிரி ஓர் இழை சுருண்டு எழும்பும்; அது ஊசியில் சிக்காமல் ஒருவர் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இழை நடுப்பக்கமாக ஒதுங்கட்டும் என்று சில தட்டுகளை உள்ளிருந்து வெளியே போகும்படி கீறியிருப்பார்கள். அதற்கு நாமும் முள்ளை உள்விளிம்பில்தான் வைக்க வேண்டும். வயதாகிவிட்டால் பூச்சின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும், அப்புறம் வெடித்து உரியும். உரிந்த இடத்தில் குரலும் இல்லை, ரயிலும் இல்லை. இத்தனைக்கும் தப்பி வந்ததைத்தான் நான் வழித்துப் போட்டிருக்கிறேன்.

சன் ஹவுஸின் பாட்டைப் பதிவு செய்யப் போன அதே பயணத்தில்தான் ஸ்டோவால் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மக்கின்லி மார்கன்ஃபீல்டு என்ற இளைஞரையும் பதிவு செய்தார்கள். பிற்பாடு உலகம் அறிந்த மடி வாட்டர்ஸ் அவர்தான். பாடி முடித்ததும் பேட்டி எடுக்கிறார்கள். ஒரு பெண் தன்னை நோகடித்துவிட்டாள், காருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தபோது இந்தப் பாட்டு வந்தது என்கிறார். எனக்குப் பாட்டைவிட அந்தப் பேட்டி பிடிக்கும். தன் குரலைத் தட்டில் கேட்ட அவர் 1943-ல் சிகாகோவுக்குப் போய்விட்டார்.

இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது ஆலன் லோமாக்ஸின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் வந்தவர் அவர். ஆனால் நாஷ்வில்லில் இருந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகமும் இதில் சரிபாதி. அங்கிருந்து வந்த கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க் எழுதிய ஆய்வு பல பத்தாண்டுகள் வெளிவராமலே கிடந்து, 2005-ல்தான் புத்தகமானது. அதற்குள் அவர் காலமாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவர் பெயர் விடுபட்ட ஒரு பட்டியலைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது; திருத்தச் சொல்லி எழுதிப் போடுகிறேன்.

அன்று மாலை என் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கைபடாத நகலை எடுத்து மறுபடி கேட்டேன். ஊசியின் சடசடப்பை மட்டும் கொஞ்சம் தணித்தேன். குறிப்புப் பத்தியில் ரயில் வரும் நிமிடத்துக்கு நேராக முன்பு "இரைச்சல்" என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு "ரயில் போகிறது, பாட்டு தொடர்கிறது" என்று எழுதினேன்.