காக்கைக் கூடும் கூழ்வத்தலும்

பங்குனி பாதியில் புறவாசலில் சுள்ளி உதிரத் தொடங்கினால் உடனே அண்ணாந்து பார்க்கக் கூடாது. காக்கைக் கூட்டைக் கவனிக்கும் வேலையில் முதல் பாடமே இதுதான். கிணற்றடியில் அரிசி களைகிறவரையோ சட்டி விளக்குகிறவரையோ காக்கை பொருட்படுத்துவதில்லை. அதே ஆள் கைவேலையை நிறுத்திவிட்டு மரத்தையே உற்றுப் பார்த்தால், வாயில் கவ்விய குச்சியோடு பக்கத்து வீட்டு ஓட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்வை விலகினால்தான் மரத்துக்குத் திரும்பும். மாடியில் பைனாகுலரோடு நிற்பவரைவிடப் பாத்திரம் விளக்குகிறவருக்குக் கூட்டின் சங்கதி அதிகம் தெரிவது இதனால்தான்.

இங்கே சொல்வது சாம்பல் கழுத்துள்ள வீட்டுக் காக்கையைப் பற்றி. அண்டங்காக்கையின் கணக்கு வேறு. குறித்து வைக்க, அடுப்படியில் பால் கணக்கு எழுதுகிற காலண்டரே போதும். மூன்று நாட்களைக் குறித்தால் சரி. சுள்ளி வருவது நின்று நாரும் தும்பும் வரத் தொடங்கும் நாள் முதலாவது. உள்குழிக்கு மெத்தை போடுகிறது, முட்டை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். வாலும் அலகும் மட்டும் விளிம்புக்கு மேலே தெரிய, ஒரு காக்கை எழாமல் உட்காரும் நாள் இரண்டாவது. பெரும்பாலும் நான்கு முட்டை. வெளிறிய நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி. அடை 16, 17 நாள். தொண்டை புடைக்க இரை கொண்டுவந்து, விளிம்பில் நின்று தலையை உள்ளே விடும் நாள் மூன்றாவது. அதிலிருந்து மூன்று, நான்கு வாரத்தில் குஞ்சு கிளைக்கு வந்துவிடும்.

ஆக, அடை தொடங்கி ஏறக்குறைய 45 நாள். தேங்காய் வெட்டுக்கும் பல தோப்புகளில் அதே இடைவெளிதான் என்பதால் கணக்கு மறக்காது. வேம்பில் கிளை கழிக்க ஆள் சொல்லியிருந்தால், இரண்டாவது குறியிலிருந்து 50 நாள் தள்ளிப் போடலாம்.

கத்தரி வெயிலில் உச்சிப் பொழுதுக்கு அடைக்காக்கை எழுந்து, சிறகை லேசாக விரித்து, வாயைப் பிளந்தபடி நிற்கும். சீக்கு ஒன்றும் இல்லை; கூட்டுக்கு நிழல் பிடிக்கிறது. அந்த நேரத்தில் மரத்தடியில் நின்று அதை எழுப்பிவிட்டால் வெயில் நேரே முட்டையின்மேல் விழும். பார்க்கிற வேலையைக் காலை ஏழுக்குள்ளும் மாலை நான்குக்கு மேலும் வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையான சண்டை வத்தலில்தான் வரும். கூழ்வத்தலும் சீனியவரை வத்தலும் காயப்போடுகிற அதே மாதங்களில்தான் காக்கையும் குடும்பம் நடத்துகிறது. காக்கையை அண்டவிடாமல் வைக்கக் கறுப்புத் துணியைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். கூடு இருக்கும் காலத்தில் அதைச் செய்தால் காரியம் கெட்டுவிடும். தொங்கி ஆடும் கறுப்புப் பொருள் காக்கையின் கண்ணுக்குச் செத்த காக்கை. தெருக் காக்கையெல்லாம் கூடிக் கத்தும். பிள்ளைகள் கறுப்புப் பாலிதீன் பையை வீசிக்கொண்டு போனாலும் இதே கதைதான். ‘சும்மா போன பிள்ளையைக் கொத்திவிட்டது’ என்று புகார் வந்தால் முதலில் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். வத்தலுக்குப் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மேலே விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைப்பதே சரி. காய ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

காக்கை பின்னாலிருந்துதான் பாயும். குஞ்சு கூட்டை விட்டு வருவதற்கு முந்திய வாரமும் பிந்திய வாரமும் உக்கிரம் அதிகம். குடை போதும், கம்பு எடுத்து ஓங்கினால் நாளைக்கும் அதே ஆளைத் தேடி வரும். துணி காயும் கொடி கூட்டுக்கு நேர்கீழே இருந்தால், முதல் குறி போட்ட அன்றே இடம் மாற்றிவிடுங்கள்.

கட்டட வேலை நடக்கும் தெருவில் கூட்டில் பாதி கட்டுக்கம்பியாகத்தான் இருக்கும். மரத்தில் இருக்கும்வரை அதனால் தொந்தரவு குறைவு. மின்கம்பத்தில் இருந்தால் தொரட்டியோடு போகவே கூடாது. கம்பி இரண்டு லைனையும் தொட்டுக்கொண்டிருக்கலாம். லைன்மேனிடம் சொல்வதுதான் வழி. குஞ்சுக்குக் கம்பியைவிட எமன் நைலான் நூல். காலில் சுற்றிக்கொண்டால், கால் பருக்கப் பருக்க இறுகிவிடும். பூக்கட்டிய நூலைப் புறவாசலில் எறியாமல், தென்னைநாரையோ பனந்தும்பையோ ஒரு சாணுக்கும் குறைவாக நறுக்கிப் போட்டால் காக்கை அதை எடுத்துக்கொள்ளும்.

ஆண் குயில் கூவிக்கொண்டு கூட்டருகே வந்து, காக்கை இரண்டும் அதை விரட்டிப் போனால், புள்ளி போட்ட பெண் குயில் பக்கத்தில்தான் இருக்கும். குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது, இரண்டு மூன்று நாள் முந்திப் பொரியும். குயில் குஞ்சு மற்றதைத் தள்ளிவிடும் என்று சொல்வார்கள். நம் ஊர்க் குயில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. முந்திப் பிறந்து முந்தி வாய் திறப்பதால், கடைசியில் பொரிந்த காக்கைக் குஞ்சு பட்டினியில் போகும்.

ஆனி பிறந்ததும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே மேல்காற்று அடிக்கத் தொடங்கும். பிந்திக் கட்டிய கூடுகள், அதிலும் முருங்கையில் கட்டியவை, அப்போதுதான் சரியும். விழுந்த குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு, பூனையையும் நாயையும் உள்ளே கட்டிவைத்தால் போதும். இறகில்லாக் குஞ்சை, அடியில் நாலைந்து துளை போட்ட ஓலைப்பெட்டியில் நார் பரப்பி வைத்து, பழைய கூடு இருந்த கிளையிலேயே கட்டலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வீண்பேச்சு. வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றக் கூடாது; மூச்சுக்குழலில் போய்விடும்.

வெளியே வந்த குஞ்சு குட்டை வாலும் சிவந்த உள்வாயும் நீலம் பாய்ந்த கண்ணுமாக, ஆச்சி சோறு வைக்கும் கிணற்றுச் சுவருக்கே வந்துவிடும். சோற்றுருண்டை காலடியில் கிடக்கும். அதைக் கொத்தத் தெரியாமல் தாயைப் பார்த்துச் சிறகை உதறிக் கத்தும். தாய் அதே உருண்டையிலிருந்து எடுத்து ஊட்டும். குஞ்சு தானாகக் குனிந்து ஒரு பருக்கையைக் கொத்தும் நாளுக்குக் காலண்டரில் நான்காவது குறி.